ஐரோப்பா பைக் டூர்ல கம்மி செலவுல ராத்திரி எங்க தங்குறது? அடிக்கடி வர்ற கேள்விகள்

ஐரோப்பாவுக்கு பைக் டூர் போறவங்க முதல்ல ரூட் பத்தி கேப்பாங்க, அடுத்து வாடகை பைக் பத்தி, தங்குறதைப் பத்தி கடைசியாத்தான் கேப்பாங்க, ஆனா பர்ஸைக் காலி பண்றது அந்தக் கடைசி விஷயம்தான். ஊர்ல இருந்து ஃப்ளைட் ஏறி ம்யூனிக்ல பைக் வாடகைக்கு எடுக்கறவங்களுக்கும், லண்டன், பாரிஸ், ஜெர்மனின்னு அங்கயே இருந்து சொந்த பைக்ல கிளம்பறவங்களுக்கும் சேத்துத்தான் இதை எழுதறேன். விலையெல்லாம் சுமார் கணக்கு, சீசனுக்கு ஏத்த மாதிரி கூடும் குறையும்.

ஒரு ராத்திரிக்கு எவ்ளோ ஒதுக்கணும்?

எத்தனை பேர் போறீங்க, டென்ட் இருக்கா, எந்த நாடு, இந்த மூணும்தான் முடிவு பண்ணும். சொந்த டென்ட் இருந்தா பிரான்ஸ்ல ஒரு ஆள் ஒரு பைக்குக்கு 10-ல இருந்து 18 யூரோவுக்குள்ள முடிஞ்சிடும். ஹாஸ்டல் டார்ம்ல (பல பேர் சேந்து படுக்கற ரூம்) ஒரு பெட் 25-ல இருந்து 45. ஜெர்மனி, ஆஸ்திரியா கிராமங்கள்ல கீழ சாப்பாட்டுக்கடை மேல ரூம்னு இருக்கும், காஸ்ட்ஹோஃப்னு சொல்லுவாங்க, அங்க சிங்கிள் ரூம் காலை டிபனோட 50-ல இருந்து 75 வரைக்கும். டபுள் ரூம் அதைவிட பெருசா ஏறாது, அதனால ரெண்டு பேரா போனா தலைக்கு நல்லாவே குறையும், தனியா போறவருக்குத்தான் அடி. சுவிஸ் இந்தக் கணக்குல எல்லாம் அடங்காது, அது கீழ தனியா இருக்கு.

மலிவா ரூம் கிடைக்க எந்த ஆப் பெஸ்ட்?

ஆப்பை விடுங்க, மேப்பை எடுங்க. ஒரே நாள்ல ஒரே மாதிரி ரூமுக்கு 20 கிலோமீட்டர் தள்ளிப் போனா பாதி விலைங்கிறது ஆல்ப்ஸ்ல சகஜம், ஏன்னா அங்க ரூம் விலைய முடிவு பண்றது ஊரோட பேர். பேர் போன பாஸோட (மலையைத் தாண்டற கணவாய் ரோடு) அடிவாரத்துல இருக்குற பேர் போன ஊரைத் தவிர்த்துட்டு, அதுக்கு அடுத்த பள்ளத்தாக்குல, டூரிஸ்ட் படம் எடுக்காத ஊரா பாத்து நிறுத்துங்க, பாதி பிரச்சனை முடிஞ்சிடும்.

உதாரணத்துக்கு இத்தாலியில இருக்குற ஸ்டெல்வியோ பாஸ். 2757 மீட்டர் உயரம், பிராட் பக்கம் இருந்து ஏறினா 48 ஹேர்பின். தெற்குப் பக்கம் பொர்மியோ, அது ஸ்கீயிங், வெந்நீர் ஊத்துன்னு பேர் வாங்குன ஊர். வடக்குப் பக்கம் பிராட், அதுக்குப் பக்கத்துல ஷ்லூடர்ன்ஸ், மால்ஸ், சுத்தி ஆப்பிள் தோட்டம், டிராக்டர் ஓடுற சாதா ஊருங்க, கெஸ்ட் ஹவுஸும் கேம்ப்சைட்டும் நிறைய உண்டு. காலையில 7 மணிக்கு கிளம்பினா கார்க்கூட்டம் வர்றதுக்கு முன்னாடி 48 வளைவையும் நிம்மதியா ஓட்டிடலாம், இது போனஸ்.

இத்தாலியோட டோலமைட்ஸ் மலையிலயும் இதே கதை. கொர்தினா, கொர்வாரா ரெண்டும் பணக்கார ஊர், கொர்தினா 2026 குளிர்கால ஒலிம்பிக்ஸ் நடந்த ஊர் வேற, கேக்கவே வேணாம். தெற்கே அகோர்தோ, ஃபால்காதே பக்கம் இறங்கிட்டா ரேட்டும் இறங்கிடும், அங்க இருந்து ஜியாவ், போர்தோய் பாஸ் எல்லாம் காலையில காபி குடிச்சுட்டுப் போற தூரம்தான். ஆஸ்திரியாவுல குரோஸ்குளோக்னர் மலை ரோட்டுக்குப் போறவங்க ஏரிக்கரை ஊரான செல் ஆம் ஸீயை விட்டுட்டு தெற்குப் பக்கம் மோல் பள்ளத்தாக்குல விங்க்லெர்ன் மாதிரி ஊர்ல தேடுங்க.

பிரான்ஸ்ல ஒரு தலைகீழ் கணக்கும் இருக்கு. கலிபியே பாஸுக்குக் கீழ வலுவார் மாதிரி ஸ்கீ ஊர்கள்ல குளிர்காலத்துக்காகக் கட்டின கட்டில் ஆயிரக்கணக்குல கிடக்கும், ஜூலை ஆகஸ்ட்ல அதையெல்லாம் குளிர்கால ரேட்டை விட ரொம்பக் குறைச்சு விடுவாங்க. ஆனா ஜூன் முதல் பாதியிலயும் செப்டம்பர் நடுவுலயும் அதே ஊர் பேய் ஊர் மாதிரி ஷட்டர் சாத்தி இருக்கும், ரூம் கிடைச்சாலும் சாப்பாடு கிடைக்காது, அதனால போன் பண்ணிக் கேட்டுட்டுப் போங்க.

எல்லா ராத்திரியும் முன்னாடியே புக் பண்ணிடணுமா?

வேணாம்னுதான் சொல்லுவேன், ஆனா சில நாளுக்குக் கட்டாயம் வேணும். வந்து இறங்குற முதல் ராத்திரி, திரும்பிப் போற கடைசி ராத்திரி, நடுவுல வர்ற வெள்ளி சனி, இதுக்கெல்லாம் புக் பண்ணிடுங்க. மத்த நாள்ல மழைதான் முதலாளி. ஆல்ப்ஸ்ல வடக்குப் பக்கம் கொட்டுற அன்னிக்கு தெற்குல இத்தாலிப் பக்கம் வெயில் அடிக்கிறது அடிக்கடி நடக்கும், எல்லா ரூமும் புக் பண்ணி வச்சவங்க கேன்சல் பண்ண மனசு வராம நாள் முழுக்க நனைஞ்சுக்கிட்டே ஓட்டுவாங்க.

மதியம் 3, 4 மணிக்கு ஒரு காபிக்கு நிறுத்தும்போதே அன்னிக்கு எங்க படுக்கறதுன்னு முடிவு பண்ணிடுங்க. ஆப்ல இடத்தைப் பாருங்க, அப்புறம் அந்த ஹோட்டலுக்கே நேரா போன் போடுங்க, பைக்ல வர்றோம், ஒரு ராத்திரி, இத்தனை மணிக்கு வருவோம்னு மூணு விஷயம் சொன்னா போதும். ஆப்புக்குக் கமிஷன் போகாததால சில இடத்துல ரேட் குறையும், குறையலன்னாலும் டிபனையாவது சேத்துக் குடுப்பாங்க. 6 மணிக்கு மேல தேட ஆரம்பிச்சா கிடைச்சதுதான் ரூம், சொன்னதுதான் விலை.

தவிர்க்க வேண்டிய தேதி சிலது இருக்கு. ஆகஸ்ட் 15 இத்தாலியில ஃபெர்ரகோஸ்தோ லீவு, அந்த வாரம் இத்தாலி மொத்தமும் மலையிலயோ கடற்கரையிலயோதான் இருக்கும். மே, ஜூன்ல வர்ற அசென்ஷன், பெந்தெகொஸ்தே லாங் வீக்கெண்டுல ஜெர்மன் பைக்கர் பட்டாளம் அப்படியே ஆல்ப்ஸுக்கு இறங்கும். மே கடைசி ஜூன் தொடக்கத்துல ஐல் ஆஃப் மேன் தீவுல டிடி பைக் ரேஸ், அதுக்கெல்லாம் பல மாசம் முன்னாடியே இடம் போயிடும். செப்டம்பர் தொடக்கத்துல ஆஸ்திரியா ஃபாக் ஏரி பக்கம் ஹார்லி கூட்டம். ம்யூனிக்ல பைக் எடுக்கறவங்க முக்கியமா அக்டோபர்ஃபெஸ்ட் தேதியப் பாருங்க, பேர்தான் அக்டோபர், ஆரம்பிக்கிறது செப்டம்பர் நடுவுல, அந்த ரெண்டு வாரம் ம்யூனிக்ல ரூம் விலையக் கேட்டா தலை சுத்தும்.

விசாவுக்கு எல்லா ராத்திரிக்கும் ஹோட்டல் புக்கிங் காட்டணுமே, அப்புறம் எப்படி ஊர் ஊரா முடிவு பண்றது?

ஷெங்கன் விசாவுக்கு (பல ஐரோப்பிய நாட்டுக்கும் சேத்து ஒரே விசா) தங்குற இடத்துக்கு ஆதாரம் கேப்பாங்க, உண்மைதான், கூடவே குறைஞ்சது 30,000 யூரோ கவர் ஆகுற டிராவல் இன்சூரன்ஸும் வேணும். இலவசமா கேன்சல் பண்ற ரூமா பாத்து உங்க நிஜ ரூட்டுக்கு ஒத்துப்போற மாதிரி புக் பண்ணுங்க. ஒரே ஊர்ல மூணு நாலு ராத்திரி வச்சு அங்க இருந்து சுத்துற மாதிரி போட்டா பேப்பரும் சுத்தமா இருக்கும், நிஜத்துலயும் அதுதான் நல்ல பிளான். எந்த நாட்டுல அதிக நாள் தங்குறீங்களோ அந்த நாட்டு தூதரகத்துலதான் அப்ளை பண்ணணும். போலி புக்கிங் பேப்பர் அடிச்சுத் தர்ற ஏஜென்ட் பக்கமே போகாதீங்க, மாட்டினா இந்த விசா மட்டும் இல்ல அடுத்ததும் போச்சு.

காஸ்ட்ஹோஃப்ல தங்குறது எப்படி இருக்கும்?

என்னைக் கேட்டா பைக்கருக்கு ஐரோப்பாவுல இதை அடிச்சுக்க எதுவும் இல்ல. ஊர் நடுவுல, சர்ச்சுக்குப் பக்கத்துல, ஜன்னல்ல செவப்பு ஜெரேனியம் பூத்தொட்டி வச்ச பழைய கட்டடம். உள்ள போனா ரிசப்ஷன்னு ஒண்ணும் இருக்காது, பீர் ஊத்திக்கிட்டு இருக்குற அக்காகிட்டயே ரூம் கேக்கணும். அவங்க முதல்ல உங்க பூட்ஸைப் பாப்பாங்க, அப்புறம் பைக்கான்னு கேப்பாங்க, ஆமான்னா ஏப்ரன்ல கையத் துடைச்சுக்கிட்டே வெளிய வந்து பின்னாடி கொட்டகைக் கதவைத் தள்ளி டிராக்டருக்கும் விறகு அடுக்குக்கும் நடுவுல இடம் காட்டுவாங்க. சாவி சின்னதா இருக்கும், அதுல தொங்குற மரக்கட்டை உள்ளங்கை அளவு, பாக்கெட்ல போட்டுக்கிட்டு கிளம்பிடக் கூடாதுன்னு. நனைஞ்ச ஜாக்கெட்டை பாய்லர் ரூம்ல தொங்கவிடச் சொல்லுவாங்க, காலையில காஞ்சு முறுக்கா இருக்கும்.

பேப்பர்ல பேர், பாஸ்போர்ட் நம்பர் எழுதிக் குடுக்கணும், வெளிநாட்டுக்காரங்களுக்கு அது ஜெர்மனியில சட்டம்.

ஒரே ஒரு கண்ணி, வாசல்ல ரூஹடாக்னு ஒரு போர்டு தொங்கும், அன்னிக்கு கடைக்கு லீவுன்னு அர்த்தம், பெரும்பாலும் திங்களோ செவ்வாயோ. ரூம் குடுப்பாங்க, சாவிய கவர்ல போட்டு வாசல் பெட்டியில கூட வச்சுட்டுப் போயிடுவாங்க, ஆனா கிச்சன் கிடையாது. மத்த நாள்லயும் கிச்சன் 8, 8.30-க்கு மூடிடும், ராத்திரி 9 மணிக்குப் போய் உக்காந்து மெனு கேட்டா பரிதாபமா பாப்பாங்க. இதைவிடவும் மலிவு வேணும்னா வீட்டு வாசல்ல ட்ஸிம்மர் ஃப்ரைன்னு போர்டு தொங்குற வீடுங்க, ரூம் காலி இருக்குன்னு அர்த்தம், குடும்பம் கீழ இருக்கும் நீங்க மேல, அநேகமா கையில காசுதான் கேப்பாங்க, கார்டு மெஷின் இருக்காது.

பிரான்ஸ்ல டென்ட் போடறது அவ்ளோ சுலபம்னு சொல்றாங்களே?

சுலபம்தான், காரணம் கேம்பிங் முனிசிபல். ஊர் முனிசிபாலிட்டியே நடத்துற கேம்ப்சைட், லாபத்துக்காக நடத்துறது இல்ல, வர்றவன் நம்ம ஊர்ல ரொட்டி வாங்கட்டும், காபி குடிக்கட்டும்னு வச்சிருக்காங்க. ஊருக்குள்ள நுழையும்போதே டென்ட் படம் போட்ட பலகை வரும், அநேகமா ஆத்தங்கரையிலயோ ஃபுட்பால் கிரவுண்டு பக்கமோ இருக்கும்.

மதியம் 3 மணிக்குப் போனா ரிசப்ஷன் பூட்டியிருக்கும். பயப்படாதீங்க, கதவுல ஒரு பேப்பர் ஒட்டியிருக்கும், காலி இடமா பாத்து டென்ட் போட்டுக்கோங்க, சாயங்காலம் வந்து காசு வாங்கிக்கறோம்னு. 6, 7 மணி வாக்குல ஒருத்தர் ரசீது புக்கும் தகரப் பெட்டியுமா ஒவ்வொரு டென்ட்டா வருவார், பேரை எழுதிக்குவார், கிழிச்சுக் குடுப்பார். கரண்ட் வேணுமான்னு கேப்பார், அதுக்கு தனியா மூணு நாலு யூரோ, போன் சார்ஜ் பண்ண மட்டும்னா வேணாம்னு சொல்லிடுங்க, பைக்லயே யூஎஸ்பி இருக்கும். குளியல் இடம் சுத்தமா இருக்கும், ஆனா ஷவர் பட்டன் அமுக்கினா அரை நிமிஷத்துல நின்னுடும், ஒரு கை எப்பவும் பட்டன்லதான். டாய்லெட் பேப்பர் சொந்தமா கொண்டு போங்க, இதை யாரும் சொல்ல மாட்டாங்க.

செப்டம்பர் முதல் பாதி தாண்டினா நிறைய ஊர்ல கேட்டைப் பூட்டிடுவாங்க, லேட் சீசன்ல போறவங்க திறந்திருக்கா பாத்துட்டுப் போங்க. அதே மாதிரி நீச்சல் குளம், சறுக்கு மரம்னு இருக்குற அஞ்சு ஸ்டார் கேம்ப்சைட் இதே பிரான்ஸ்ல இருக்கு, ஆகஸ்ட்ல ஒரு டென்ட்டுக்கு அங்க கேக்குற காசுக்கு வேற ஊர்ல ரூமே எடுத்துடலாம்.

டென்ட்டோட போனா பைக்குக்கு என்ன கவனிக்கணும்?

புல்லுத்தரையில சைடு ஸ்டாண்டு இறங்கி பைக் சாயும், ராத்திரி மழை பெஞ்சா நிச்சயம். ஸ்டாண்டுக்கு அடியில வைக்க ஒரு தட்டை பிளாஸ்டிக் துண்டு எடுத்துட்டுப் போங்க, இல்லன்னா நசுக்கின பீர் கேன் கூடப் போதும். பைக்கை டென்ட்டு மேல சாயாத பக்கமா நிறுத்துங்க. கேஸ் சிலிண்டரை ஃப்ளைட்ல கொண்டு போக முடியாது, அங்க போய்த்தான் வாங்கணும், பிரான்ஸ் சூப்பர்மார்க்கெட்ல அவங்க ஊர் டைப் கார்ட்ரிட்ஜ்தான் அதிகம், திருகு டைப் அடுப்பு வச்சிருந்தா டெகத்லான் ஸ்போர்ட்ஸ் கடையில தேடுங்க. உயரத்துல ஜூன் ராத்திரியிலயும் நல்லா குளிரும், 2000 மீட்டர்ல படுத்து வீம்பு பண்ணாதீங்க, 500 மீட்டர் இறங்குனாலே மூணு டிகிரி கூடும்.

கேம்ப்சைட் எதுக்கு, காட்டு ஓரமா டென்ட் போட்டுக்கிட்டா ஃப்ரீ தானே?

நாட்டைப் பொறுத்தது. நார்வேல 1957-லயே சட்டம் போட்டு வச்சிருக்காங்க, வேலி போடாத திறந்த நிலத்துல யாரும் டென்ட் போடலாம், ஆள் குடியிருக்குற வீட்டுல இருந்து 150 மீட்டர் தள்ளி இருக்கணும், ஒரே இடத்துல ரெண்டு ராத்திரிக்கு மேல கூடாது. ஸ்வீடன், ஃபின்லாந்துலயும் கிட்டத்தட்ட இதே உரிமை. ஆனா உரிமை உங்க காலுக்குத்தான், பைக்குக்கு இல்ல, ரோட்டை விட்டு புல்லுல பைக்கை ஏத்தினா தப்பு. நார்வேல ஏப்ரல் 15-ல இருந்து செப்டம்பர் 15 வரைக்கும் காட்டுப் பக்கம் நெருப்பு மூட்டவும் கூடாது.

ஸ்காட்லாந்துலயும் உண்டு, 2003 சட்டம், அங்கயும் மோட்டார் வண்டி இல்லாத நடமாட்டத்துக்குத்தான். லாக் லோமண்ட் ஏரிப் பக்கம் சில கரைகள்ல மார்ச்ல இருந்து செப்டம்பர் வரைக்கும் பெர்மிட் வாங்கணும். சட்டத்தை விட பெரிய பிரச்சனை மிட்ஜஸ்ங்கிற பொடிக்கொசு, காத்து நின்ன சாயங்காலத்துல ஹெல்மெட்டைக் கழட்டவே விடாது.

ஜெர்மனி, நெதர்லாந்து, ஸ்லோவேனியா, குரோஷியா, இங்கெல்லாம் ஆசைப்படாதீங்க, ஃபைன் போடுவாங்க, அந்தக் காசுக்கு பல ராத்திரி கேம்ப்சைட்ல படுக்கலாம். விவசாயி வீட்டுக் கதவைத் தட்டி உங்க நிலத்து ஓரமா ஒரு ராத்திரி டென்ட் போட்டுக்கலாமான்னு கேக்குறது வேற விஷயம், நிலத்துக்காரர் சரின்னா பல இடத்துல யாரும் எதுவும் சொல்றதில்ல, காலையில குப்பை ஒண்ணு விடாம எடுத்துட்டுக் கிளம்புங்க.

சுவிட்சர்லாந்துல எப்படி சமாளிக்கிறது?

ஓட்டறதுக்கு சுவிஸ், தூங்குறதுக்கு பக்கத்து நாடு. ஃபுர்கா, க்ரிம்ஸல், சுஸ்டன், மூணு பாஸும் ஒரே நாள்ல ஒரு ரவுண்டு அடிச்சுடலாம், அதுக்கு முந்தின ராத்திரி இத்தாலியில தொமோதொஸோலால படுத்துட்டு சிம்ப்ளான் பாஸ் வழியா ஏறி வாங்க, அந்த ரோடும் அருமையாத்தான் இருக்கும். கிழக்குப் பக்கம் பெர்னினா, ஸ்டெல்வியோ பிளான் இருந்தா லிவீன்யோ, இத்தாலியில வரி இல்லாத ஊர், பெட்ரோலை நிரப்பிக்கிட்டு ராத்திரியும் தங்கிக்கலாம்.

உள்ளயே தங்கித்தான் ஆகணும்னா கேம்ப்சைட், இல்ல ஹாஸ்டல், சில பண்ணை வீட்டுல வைக்கோல் மேல படுக்கவும் விடுவாங்க, ஸ்லீப்பிங் பேக் நம்மளோடது. சாப்பாட்டை சூப்பர்மார்க்கெட்லயே முடிச்சுக்கோங்க. மோட்டார்வே ஏறினா பைக்குக்கும் 40 ஃப்ராங்க் விக்னெட் (டோல் ஸ்டிக்கர்) வேணும், ஒரு நாளுக்கு மட்டும்னு கிடையாது, வருஷத்துக்குத்தான். பாஸ் ரோடு மட்டும் ஓட்டினா அது தேவையே இல்ல, ஜிபிஎஸ்ல மோட்டார்வேய ஆஃப் பண்ணி வச்சுட்டா அந்த 40 மிச்சம்.

ஹாஸ்டல்ல சின்னப் பசங்கதானே தங்குவாங்க?

அப்படி எல்லாம் இல்ல, நரைச்ச தாடியோட நிறைய பேர் இருப்பாங்க. உலகத்தோட முதல் யூத் ஹாஸ்டலே ஜெர்மனியில ஆல்டெனா கோட்டையில 1912-ல ரிச்சர்ட் ஷிர்மான்ங்கிற வாத்தியார் ஆரம்பிச்சதுதான், அது இருக்குற ஸாவர்லாண்ட் வளைஞ்சு வளைஞ்சு போற ரோட்டுக்கு ஜெர்மன் பைக்கர்கிட்ட பேர் போன ஏரியா. ஜெர்மன் யூத் ஹாஸ்டல்ல தங்க மெம்பர்ஷிப் வேணும், யூத் ஹாஸ்டல்ஸ் அசோசியேஷன் ஆஃப் இந்தியா மூலமா இங்க இருந்தே எடுத்துட்டுப் போகலாம். ராத்திரி 10 மணிக்கு மேல சத்தம் கூடாது. ஸ்கூல் பசங்க டூர் வந்திருந்தா மட்டும் தூக்கம் போச்சு, வேற ஒண்ணும் சொல்றதுக்கு இல்ல.

மோட்டார்வே ஓரத்து செயின் ஹோட்டல் எப்படி?

அழகு பாக்காதீங்க, வேலைக்கு ஆகும். பிரான்ஸ்ல எஃப்1, பிரீமியர் கிளாஸ், பி அண்ட் பி, கொஞ்சம் மேல போனா ஐபிஸ் பட்ஜெட். எஃப்1-ல பாத்ரூம் பொதுவா வெளிய இருக்கும், ஆனா ஒரு டபுள் பெட்டு மேல ஒரு பங்க்னு மூணு பேர் படுக்கற ரூம் இருக்கு, மூணு நண்பர்கள் போனா தலைக்கு ரொம்பக் கம்மி. வாசல்ல மெஷின்ல கார்டு போட்டா கோட் நம்பர் வரும், ராத்திரி 11 மணிக்கு வந்தாலும் கதவு திறக்கும், சின்ன ஊர் ஹோட்டல்ல இது நடக்காது. சுத்தி கார் ஷோரூமும் குடோனும்தான் இருக்கும், நடந்து போய் சாப்பிட ஒரு பர்கர் கடை இருந்தா அதிர்ஷ்டம்.

ஸ்பெயின், போர்ச்சுகல் பக்கம்?

மேற்கு ஐரோப்பாவுல ரூம் எடுத்துத் தங்க மலிவான இடம் இதுதான், டென்ட்டை வீட்லயே வச்சுட்டுப் போகலாம். ஸ்பெயின்ல ஹோஸ்தால்னு நீலத் தகடு மாட்டியிருக்குற இடத்தைத் தேடுங்க, குடும்பம் நடத்துற சின்ன ஹோட்டல், தனி ரூம், தனி பாத்ரூம், உள்நாட்டு ஊர்கள்ல 35-ல இருந்து 55 யூரோ. ராத்திரி சாப்பாடு 9 மணிக்கு முன்னாடி எதிர்பாக்காதீங்க, அதனால மதியம் மெனு தெல் தீயாங்கிற செட் சாப்பாட்டை நல்லா வெட்டிட்டு ராத்திரி ரெண்டு தப்பாஸோட (சின்னத் தட்டுல வர்ற ஐட்டம்) முடிச்சுக்கறதுதான் செலவுக்கும் நல்லது, மறுநாள் காலையில கிளம்பறதுக்கும் நல்லது.

சாந்தியாகோ பாதயாத்திரை வழியில அல்பெர்கேனு சத்திரங்க ரொம்ப மலிவா இருக்கும், ஆனா அரசு, சர்ச் நடத்துறது எல்லாம் நடந்தோ சைக்கிள்லயோ வர்ற யாத்ரீகருக்கு மட்டும், யாத்ரீகர் பாஸ்போர்ட் கேப்பாங்க. பைக்கை தெரு முனையில ஒளிச்சு வச்சுட்டுப் போற வேலையெல்லாம் வேணாம், 30 கிலோமீட்டர் நடந்து கால் கொப்புளத்தோட வர்றவரோட கட்டில் அது.

குரோஷியா, ருமேனியா?

குரோஷியா கடலோர ரோட்டுல ஸோபே, அபார்ட்மானின்னு வீட்டுக்கு வீடு போர்டு தொங்கும், ரூம் வாடகைக்குன்னு. ஜூலை ஆகஸ்ட்ல ஒரே ராத்திரிக்குக் குடுக்க யோசிப்பாங்க, ஜூன், செப்டம்பர்ல பேரம் பேசலாம். 2023-ல இருந்து யூரோதான், காசு மாத்துற தொல்லை இல்ல.

ருமேனியாவுல பென்சியுனேன்னு சொல்ற கெஸ்ட் ஹவுஸ் ரொம்ப மலிவு, சாப்பாடும் பிரமாதம். ட்ரான்ஸ்ஃபகராஷான் ரோடு பலேயா ஏரிகிட்ட 2042 மீட்டர் வரைக்கும் ஏறும், ஜூலைல இருந்து அக்டோபர் வரைக்கும்தான் பொதுவா முழுசா திறந்திருக்கும். அங்க மட்டும் டென்ட் வேணவே வேணாம். கரடி ரோட்டோரமாவே நிக்கும், வர்ற டூரிஸ்ட்டு சாப்பாடு போட்டுப் பழக்கிட்டாங்க, 2025 ஜூலையில இதே ரோட்டுல ஒரு இத்தாலிய பைக்கரை கரடி அடிச்சுக் கொன்னுடுச்சு. ரூம் எடுங்க, கதவைச் சாத்துங்க.

பைக்கருக்குன்னே இருக்குற ஹோட்டல் காசுக்கு ஏத்த மாதிரி இருக்குமா?

ஒரு ராத்திரிக்குன்னா இல்ல, மூணு ராத்திரிக்குன்னா ஆமா. ஆஸ்திரியா, தென் டிரோல், பிளாக் ஃபாரஸ்ட் பக்கம் நிறைய இருக்கு. கராஜ், பைக் கழுவுற இடம், டூல்ஸ், நனைஞ்ச துணி காய வைக்க தனி ரூம், சுவர்ல ரூட் மேப், ராத்திரி சாப்பாடும் சேத்து ஹாஃப் போர்டு. ஆல்ப்ஸ்ல மூணு நாளுக்குக் குறைவா தங்கினா தினம் கொஞ்சம் கூடுதலா வாங்குற வழக்கமும் இருக்கு. அதனால ஒரு இடத்துல மூட்டையை இறக்கிட்டு பாக்ஸ் இல்லாத லேசான பைக்ல தினம் ஒரு பக்கம் சுத்துங்க, ரேட்டும் குறையும், ஓட்டறதும் வேற லெவல்ல இருக்கும்.

டிரோல்ல ரூம் போடறதுக்கு முன்னாடி ஒண்ணு பாருங்க. ரொய்ட்ட மாவட்டத்துல, அதாவது லெக் பள்ளத்தாக்கு, ஹான்டென்யோக் பக்கம், நின்ன நிலையில 95 டெசிபலுக்கு மேல சத்தம்னு பேப்பர்ல பதிவான பைக்குக்கு பைக் சீசன்ல தடை, 2020-ல கொண்டு வந்தது. சைலன்சர் மாத்தினா இல்லையான்னு எல்லாம் கேக்க மாட்டாங்க, ஆர்சி பேப்பர்ல யு.1-னு ஒரு கட்டம் இருக்கும், அதுல இருக்குற நம்பர்தான் கணக்கு. வாடகை பைக்னாலும் எடுக்கும்போதே அந்தக் கட்டத்தைக் காட்டச் சொல்லுங்க, இல்லன்னா ரூம் ஒரு பக்கம் பைக் ஒரு பக்கம்தான்.

பைக்கர் வீட்ல ஃப்ரீயா தங்கலாமா?

பங்க் அ பைக்கர்னு பைக்கருக்கு பைக்கர் இடம் குடுக்குற வழி இருக்கு, கட்டிலோ சோபாவோ தோட்டத்துல டென்ட் இடமோ. வார்ம்ஷவர்ஸ் சைக்கிள்காரங்களுக்கு மட்டும், அங்க போய்க் கேக்காதீங்க. போனா ஏதாவது வாங்கிட்டுப் போங்க, ஒரு வேளை சமைச்சுக் குடுங்க, சாம்பார் பொடி ஒரு சின்ன பாக்கெட் வச்சிருந்தா மொழியே தேவைப்படாது.

ராத்திரி பைக்கை எங்க விடறது, திருடு போகாதா?

கிராமத்துல பயமே இல்ல, பெரிய சிட்டிலதான். மிலான், பார்சிலோனா, மார்செய், நேப்பிள்ஸ், லண்டன், இங்கெல்லாம் தெருவுல விட்டுட்டுத் தூங்காதீங்க. ரூம் பாக்கும்போதே உள் முற்றமோ பூட்டுற கராஜோ இருக்கான்னு கேளுங்க, கராஜுக்கு தனிக் காசு உண்டான்னும் கேளுங்க, சிட்டி ஹோட்டல்ல 20 யூரோ அதுக்கே போகும், அப்ப மலிவு ரூம் மலிவு இல்ல. சிட்டி பாக்கணும்னா 30 கிலோமீட்டர் வெளிய ரயில் ஸ்டேஷன் இருக்குற சின்ன ஊர்ல தங்கிட்டு ரயில்ல போய்ட்டு வாங்க. டிஸ்க் லாக் போட்டா ஹேண்டில்பார் வரைக்கும் வர்ற அந்தச் சுருள் கயித்தையும் மாட்டுங்க, காலையில மறந்து கிளம்பறவங்க நிறைய. சாதா பைக் கவர் ஒண்ணு போட்டாலே பாதிப் பேரோட கண்ணு படாது.

ஃபெர்ரில படுத்தா ஒரு ரூம் காசு மிச்சம்தானே?

சரியா கணக்கு போட்டா ஆமா. ஜெனோவா – பாஸ்தியா, போர்ட்ஸ்மத் – சான்டாண்டர், ஹல் – ராட்டர்டாம், கீல் – ஓஸ்லோ, இதெல்லாம் ராத்திரி ஓடுறது, தூங்கி எந்திரிச்சா வேற நாடு. சில கப்பல்ல கேபின் கட்டாயம், சிலதுல சீட் மட்டும் எடுத்துட்டு தரையில ஸ்லீப்பிங் பேக் விரிச்சுக்கலாம். பைக்கைக் கட்ட அங்க பட்டை குடுப்பாங்க, சீட்டு கிழியாம இருக்க பழைய டவல் ஒண்ணு அடியில வைங்க. ராத்திரிக்கு வேண்டியதை தனிப் பையில எடுத்துக்கோங்க, கப்பல் கிளம்பிட்டா வண்டி நிக்கற டெக்குக்கு விட மாட்டாங்க.

சொன்ன ரேட்டுக்கு மேல என்னென்ன வரும்?

டூரிஸ்ட் டாக்ஸ், ஆளுக்கு ஒரு ராத்திரிக்கு ஒண்ணுல இருந்து மூணு யூரோ பொதுவா, பெரிய டூரிஸ்ட் சிட்டில கூட இருக்கும், பல இடத்துல கையில காசாத்தான் கேப்பாங்க. பிரான்ஸ் ஹோட்டல்ல டிபன் தனி, 8-ல இருந்து 14 யூரோ, வேணாம்னு சொல்லிட்டு பேக்கரியில மூணு யூரோவுக்கு முடிச்சுக்கோங்க. ஜெர்மனி, ஆஸ்திரியாவுல டிபன் ரேட்லயே சேந்து வர்றது வழக்கம், அங்க ரொட்டி, சீஸ், முட்டைன்னு நல்லா சாப்பிட்டா மதியச் சாப்பாடே தேவைப்படாது. ஞாயித்துக்கிழமை அந்த ரெண்டு நாட்டுலயும் சூப்பர்மார்க்கெட் லீவு, சனிக்கிழமையே வாங்கி வச்சுக்கோங்க, இல்லன்னா பெட்ரோல் பங்க் கடையில இரட்டை விலைக்குத்தான்.

வெஜ் சாப்பிடறவங்க ஆஸ்திரியாவுல கேஸ்ஷ்பெட்ஸ்லே கேளுங்க, சீஸ் போட்ட மாவு உருண்டை, மேல வறுத்த வெங்காயம், பேகன் இல்லாமன்னு சொல்லிடுங்க.

ராத்திரி 8 மணி, மழை, எங்கயும் ரூம் இல்ல. இப்ப என்ன பண்றது?

மலை ஏறாதீங்க, முதல்ல அதுதான். அடுத்த பள்ளத்தாக்குல கிடைக்கும்னு இருட்டுல பாஸைத் தாண்டப் போனா பனிமூட்டம், ரோட்டுக்குக் குறுக்க மான், ரெண்டுல ஒண்ணு நிச்சயம். கீழ, மெயின் ரோட்டுப் பக்கம் இறங்குங்க. திறந்திருக்குற காஸ்ட்ஹோஃப்ல போய் நனைஞ்ச கோலத்தோடயே நின்னு கேளுங்க, அங்க இல்லன்னாலும் பக்கத்து ஊர்ல இருக்குற தெரிஞ்சவங்களுக்கு அவங்களே போன் போட்டுக் கேட்டுச் சொல்லுவாங்க, இது சும்மா ஆறுதலுக்குச் சொல்லல, அந்த ஊர்ப் பழக்கமே அப்படி. அதுவும் இல்லன்னா மோட்டார்வே எக்ஸிட்ல கோட் நம்பர் போட்டு உள்ள போற செயின் ஹோட்டல். கேம்ப்சைட்டை மறந்துடாதீங்க, நிறைய இடத்துல மரக்குடில் வாடகைக்கு இருக்கும், ஃபுல்லுன்னு போர்டு மாட்டியிருந்தாலும் ஒரு பைக்கு ஒரு சின்ன டென்ட்டுன்னா மரத்தடியில இடம் குடுத்துடுவாங்க. ரிசப்ஷன் மூடியிருந்தா கேட்ல ஒட்டியிருக்குற நம்பருக்குக் கூப்பிடுங்க, உள்ள போய் டென்ட்டைப் போட்டுட்டு காலையில 8 மணிக்குப் போய் காசு குடுங்க.